கார் வராத பாதையில் ரதி அக்காவுடன்

மே மாதத்துச் சனிக்கிழமை, காலை 7.50. டுசல்டோர்ஃப் ரயில் நிலைய நடைமேடையில் இரண்டு சைக்கிள்களுடன் நின்றுகொண்டிருந்தோம். எங்களைப் போலவே இன்னும் பதினேழு பேர் சைக்கிளுடன் நின்றார்கள். ரயில் பெட்டியில் எட்டு சைக்கிளுக்குத்தான் இடம். இந்த ஊரில் வெயில் அடித்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனைதான் வரும்.

என்னுடன் வந்தவர் ரதி அக்கா. என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை பார்க்கிறார். நான் ஈரோட்டுக்காரி. மென்பொருள் சோதிக்கும் வேலைக்காக ஏழு வருடங்களுக்கு முன் ஜெர்மனி வந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் அக்கா வேலைக்குப் போகும் வழியில், நிறுத்தியிருந்த காரின் கதவை யாரோ பின்னால் பார்க்காமல் திறந்தார்கள். அதில் மோதி விழுந்ததில் தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதன்பின் கார் ஓடும் தெருவில் அவர் சைக்கிளில் ஏறவில்லை. ஆற்றங்கரைப் பூங்காவில் மட்டும் ஓட்டுவார். பூங்கா வாசலில் இறங்கி உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார்.

அவரை இழுத்து வந்தவள் நான். பெல்ஜியத்தில் ஃப்ளெமிஷ் பேசும் பகுதியின் ஒரு சிறு துண்டு, வூரென் என்று பெயர், ஜெர்மன் எல்லை நகரமான ஆஹெனுக்கு மேற்கே இருபது கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. அங்கே போகும் சரளைக்கல் பாதைகளைப் பற்றி ஒரு வலைத்தளத்தில் படித்தேன். மோட்டார் வாகனமே கிடையாது, பறவைச் சத்தம்தான் என்று எழுதியிருந்தார்கள். அதை அக்காவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன்.

“ஒரு கார் கூட வராதோ?”

“ஒண்ணு கூட வராது அக்கா. நான் கேரண்டி.”

அந்தச் சொல்லுக்காகப் பயணத்தன்று பகல் முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

ரயிலில் ஒன்றரை மணி நேரம் கழிவறைக் கதவுக்கு எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கதவு திறக்கும்போதெல்லாம் முன் சக்கரத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. சைக்கிளுக்கும் தனி டிக்கெட் எடுத்திருந்தோம். அதற்காவது உட்கார இடம் கிடைத்திருக்கலாம்.

காலை 9.40, ஆஹென். வலைத்தளத்தில் பயணம் “நகர எல்லையிலிருந்து” தொடங்குகிறது என்று போட்டிருந்தது. நிலையத்திலிருந்து அந்த எல்லைக்குப் போக ஐந்தரை கிலோமீட்டர் என்பதை நான் கவனிக்கவில்லை. அந்த ஐந்தரை கிலோமீட்டரும் வால்ஸ் ஊருக்குப் போகும் பெரிய சாலை. இரண்டு பெட்டி பேருந்துகள், வரிசையாக நிறுத்திய கார்கள். அந்தக் கார்களுக்கும் ஓடும் வண்டிகளுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் சைக்கிள் பாதையாம்.

அக்கா அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நடைபாதையில் ஏறி சைக்கிளை உருட்டத் தொடங்கினார். நானும் உருட்டினேன். ஒன்றேகால் மணி நேரம் உருட்டினோம். முதுகில் புத்தகப்பை மாட்டிய மாணவர்கள் எங்களை ஏதோ சைக்கிள் திருடிகளைப் போலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

11.00 மணிக்கு வால்ஸ். இது நெதர்லாந்து. எல்லை என்று ஒரு பலகை இருக்கிறது, அவ்வளவுதான். இங்கிருந்து காட்டுக்குள் சரளைப் பாதை தொடங்கியது. உண்மையிலேயே ஒரு காரும் இல்லை. ஏன் இல்லை என்பது நூறு மீட்டரில் புரிந்தது. எந்தக் காரோட்டிக்குத்தான் இந்த வழியில் வர மனம் வரும்? சரளை என்றால் கடற்கரைக் கூழாங்கல் மாதிரி நினைத்திருந்தேன். இது ரயில் தண்டவாளத்தில் கொட்டும் ஜல்லி. அதுவும் செங்குத்தாக மேலே ஏறுகிறது. மூன்று நாடுகள் சந்திக்கும் குன்றின் உச்சி 322 மீட்டர். அதற்குப் போகும் பாதையின் பாதித் தூரத்தை மறுபடியும் உருட்டித்தான் கடந்தோம்.

“கலா, இண்டைக்கு சைக்கிள் எங்களில ஏறி வருகுது” என்றார் அக்கா.

உச்சியில் அந்த எல்லைக்கல்லைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாடுகளிலும் ஒவ்வொரு காலை வைக்க முயன்ற ஒருவர் என் சைக்கிள் மீது விழுந்தார். உருளைக்கிழங்கு வறுவல் ஒரு பொட்டலம் 4.50 யூரோ. வாங்கித் தின்றோம். அன்றைக்கு என்னை ஏமாற்றாத முதல் பொருள் அதுதான்.

இறக்கத்தில் கெமெனிச் வரை மூன்று கிலோமீட்டர். இது பெல்ஜியத்தின் பிரெஞ்சுப் பகுதி, பலகைகள் பிரெஞ்சு மொழிக்கு மாறின. அப்புறம் மேய்ச்சல் நிலங்கள். ஒவ்வொரு வேலிக்கும் ஒரு படல். திறக்க வேண்டும், சைக்கிளைத் தள்ள வேண்டும், மாடு வெளியே போவதற்குள் மூட வேண்டும். ஏழு படல் எண்ணினேன். ஐந்தாவது படலுக்கு அருகே என் பின்சக்கரத்தில் காற்று போயிற்று. என்னுடையது நகரத்தில் ஓட்டும் மெல்லிய டயர். அகலமான டயர் வேண்டும் என்று அந்த வலைத்தளத்தில் கடைசி வரியில், எறும்பு எழுத்தில் போட்டிருந்ததை ட்யூப் மாற்றிய பிறகு வாசித்தேன். ட்யூப் மாற்ற நாற்பது நிமிடம். அக்கா புல்லில் உட்கார்ந்து இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“ஒரு நாள் ஊர்லாப் எடுத்துக்கொண்டு வந்தனான், கல்லுப் பொறுக்கவோ?”

ஊர்லாப் என்றால் ஜெர்மனில் விடுமுறை. அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பகல் 1.50. டாய்வென் என்ற ஃப்ளெமிஷ் கிராமத்துக்குச் சற்று முன்னால் பாதை நின்றுவிட்டது. குழாய் பதிக்க நீளவாக்கில் பள்ளம் தோண்டி, சிவப்பு வெள்ளைத் தடுப்பு வைத்திருந்தார்கள். பக்கத்தில் மஞ்சள் அம்புக்குறி. அது காட்டிய வழி ஊர்ச்சாலை. கைபேசியில் பார்த்தேன், 1.8 கிலோமீட்டர். ஓரமே இல்லாத, வளைவும் வேலிச்செடியுமான சாலை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கார்கள் பறந்து போயின.

அக்கா சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தடுப்பின் மேல் உட்கார்ந்தார்.

“நான் வரமாட்டன்.”

“ரெண்டு கிலோமீட்டர் கூட இல்ல அக்கா. பத்து நிமிஷம்.”

“உருட்டவும் ஏலாது, இதில நடைபாதை இல்லை. நீர் ஒரு கார் கூட வராது எண்டு சொன்னீர்.”

“அவங்க பள்ளம் தோண்டுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாட்டில் ஏன் கேரண்டி எண்டு சொன்னீர்?”

காலையிலிருந்து சேர்ந்த எரிச்சல் எல்லாம் அப்போது வெளியே வந்தது. “இன்னும் எத்தனை வருஷம்தான் இப்படிப் பயந்துட்டே இருப்பீங்க? ஒரு கதவுக்காக ஆயுசு முழுக்க நடக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

அக்கா தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இருபது நிமிடம் அப்படியே போனது. திரும்பிப் போகலாம் என்றால் ஏழு படலும் அந்தக் குன்றும் நினைவுக்கு வந்தன.

அப்போது வயலுக்குள்ளிருந்து ஒரு டிராக்டர் வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. ஓட்டி வந்தவர் அறுபது வயது இருக்கும் ஒரு பெண்மணி. முதலில் ஃப்ளெமிஷில் கேட்டார், நாங்கள் விழித்ததைப் பார்த்து ஜெர்மனுக்கு மாறினார். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அக்கா தானே ஜெர்மனில் விளக்கினார்: முன்பு கார்க் கதவு இடித்தது, இந்தச் சாலையில் ஓட்டப் பயம், அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பெண்மணி சாலையைப் பார்த்தார். “நான் கிராமத்துக்குத்தான் போகிறேன். நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன். என்னைத் தாண்டி ஒருவரும் வர முடியாது” என்றார். டிராக்டரின் அகலத்தைப் பார்த்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அக்கா தடுப்பிலிருந்து எழுந்தார். “மெதுவாகத்தான் போவன்” என்று அவரிடம் ஜெர்மனில் சொன்னார்.

“எனக்கு அவசரமில்லை.”

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அக்கா முன்னால் போனார். நான் அவர் பின்னால், எனக்குப் பின்னால் ஆரஞ்சு விளக்கு சுழலும் டிராக்டர். வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் என்று என் கைபேசி காட்டியது. முதல் வளைவில் அக்காவின் கைப்பிடி ஆடியது, நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இரண்டாவது வளைவில் திரும்பிப் பார்த்தேன். டிராக்டருக்குப் பின்னால் பதினொரு கார்கள். ஒருவன் ஹாரனை விடாமல் அழுத்தினான். அந்தப் பெண்மணி வண்டியை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினார்.

“கலா, ஆர் அது கத்திறது?” முன்னாலிருந்து கேட்டார் அக்கா.

“கார்க்காரங்க அக்கா. கடுப்பா இருக்காங்க.”

“நல்லாக் கத்தட்டும். நான் காலமையிலிருந்து கடுப்பாத்தான் இருக்கிறன்.”

டாய்வென் தேவாலயத்தருகே டிராக்டர் திரும்பியது. அந்தப் பெண்மணி கையசைத்துவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. பதினொரு கார்களும் எங்களைத் தாண்டிச் சென்றன, கடைசிக் காரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தினார். அக்கா சாலையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

மாலை 3.30. சின்ட்-மார்ட்டென்ஸ்-வூரென். ஆஹென் நிலையத்திலிருந்து இருபத்து நான்கு கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகியிருக்கிறது. நடந்தே வந்திருக்கலாம். கிராமத்துக்கு மேலே உயரமான ரயில் பாலம், கீழே ஓடை, பழமரங்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஒரு கடையில் காப்பி மூன்று யூரோ, செர்ரிப் பழம் வைத்த அடை நாலரை யூரோ. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

“பஸ் இருக்கான்னு பார்க்கிறேன் அக்கா. சைக்கிளை ஏத்துவாங்களான்னு தெரியல. இல்லன்னா வந்த வழியிலேயே உருட்டிக்கிட்டு போகலாம்.”

“அந்தக் கல்லிலயோ? எனக்கு ஏலாது. நாரி முறிஞ்சு போச்சு.” இடுப்பைத் தடவிவிட்டு, கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, வரைபடத்தை விரலால் பெரிதாக்கினார். “குன்றைச் சுத்தித் தார் ரோட்டு போகுது. இதால போவம்.”

“அதுல கார் வரும்.”

“வரட்டும். ரோட்டெண்டால் கார் வரும்தானே.”

4.15க்குக் கிளம்பினோம். மூன்று இடங்களில் இறங்கினார், ஒரு முறை லாரிக்காக, இரண்டு முறை காரணம் சொல்லாமல். ஒவ்வொரு முறையும் தானே திரும்ப ஏறினார். நான் பின்னால் நின்று காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் வால்ஸ் வந்துவிட்டது.

சரளைப் பாதைகளுக்குப் போக விரும்பும் வாசகர்கள் போகட்டும். அகலமான டயரும் மாற்று ட்யூப் இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள், “வாகனமே இல்லை” என்று எழுதியிருந்தால் எங்கிருந்து எதுவரை இல்லை என்று கேளுங்கள். ஈரோட்டில் லாரிக்கும் பசுமாட்டுக்கும் நடுவே சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்குப் போனவள் நான். வாகனமில்லாத பாதை என்ற ஒன்றை அங்கே யாரும் எனக்கு வாக்குக் கொடுத்ததில்லை. அதனால் யார் மீதும் இவ்வளவு கோபமும் வந்ததில்லை.

6.05க்கு ஆஹெனின் அந்தப் பெரிய சாலையில், அந்த வெள்ளைக் கோட்டுக்குள் இறங்கினோம். அக்கா முன்னால் போனார். நிறுத்தியிருந்த கார்களின் கதவுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தபடி, மெதுவாக. ஒரு சிவப்பு விளக்கில் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“அக்கா, மத்தியானம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“ஓம், பேசியிருக்கக் கூடாது.” விளக்கு பச்சையானது. அவர் காலை மிதியில் வைத்தார். “இப்ப ரோட்டைப் பாரும். பின்னால பஸ் வருகுது.”