ஓடுகிற தண்ணீரின் பாசி

செத்த பச்சைக்கு ஒரு வாடை உண்டு. ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டதுபோல் ஆரம்பித்து, தொண்டைக்குள் போய்ப் புளிக்கும். போன வாரம் மொட்டைமாடியில், மூடி உடைந்து கிடந்த தொட்டியைக் கழுவக் குனிந்தேன். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஐம்பதை நெருங்குகிற வயது. ஊர் மாறி, வீடு மாறி, வேலை மாறி, எதிலும் நிலைக்காமல் ஓடியவன். அந்த வாடையிடமிருந்து மட்டும் ஓட முடியவில்லை. அதற்குள் செஞ்சி இருக்கிறது. எங்கள் கிணற்றடி இருக்கிறது. அக்கா இருக்கிறாள், முழங்கை வரை நனைந்தபடி.

அறுபதுகளின் நடுவில் எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் வந்தது. அதுவரைக்கும் மாடு கட்டி இறைக்கிற கவலைதான். மாடுகள் முன்னும் பின்னும் நடக்க, தோல் சாலில் ஏறிய தண்ணீர் ஒரு வாய் விழும், நிற்கும், மறுபடி ஒரு வாய் விழும். வாய்க்காலும் அதேபோல விட்டுவிட்டு மூச்சு விட்டது. அதில் பெரிதாக ஒன்றும் முளைத்ததில்லை. மோட்டார் வந்ததும் தண்ணீர் நிற்காமல் வந்தது. ஒரே வருஷத்தில் வாய்க்கால் வேறு ஆளாகிவிட்டது. குழாயிலிருந்து தண்ணீர் மோதி விழும் இடத்தில் கல் வெளுத்து மொட்டையாக இருந்தது. அங்கே எதுவும் பற்றி நிற்க முடியாது. பத்தடி தள்ளி, வேகம் தணிந்து சீராக ஓடுகிற இடத்தில், ஒவ்வொரு கல்லிலிருந்தும் கரும்பச்சையாக முழ நீளத்துக்குத் தலைமுடிபோல் பாசி. தண்ணீர் அதை ஓயாமல் வாரிக்கொண்டே இருந்தது.

நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறவர்கள், வடிகட்டாத தண்ணீரைக் குடிக்காதவர்கள். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஏர் ஓட்டுகிறவர்கள். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, துறவிப் பெண்களோடு போய்ச் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நைனா, எங்கள் அப்பா, ஒரு நாள் பொறுமை இழந்தார்.

"ஏர் ஓட்டற வூட்ல பொறந்துட்டு இன்னா பேச்சு இது? சரி. ஆடியிலேருந்து கார்த்திகை வரைக்கும், தெரிஞ்சு ஒரு உசிரு உன் கையால போவாம இருந்து காட்டு. அப்பறம் போ. நான் தடுக்கல."

முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள். விறகை ஒவ்வொன்றாகத் தட்டி எறும்பை உதிர்த்த பிறகே அடுப்பில் வைத்தாள். தரையைப் பார்த்தே நடந்தாள். ஆடி போனது. ஆவணி போனது. நைனாவின் பேச்சு குறைந்தது.

புரட்டாசியில் சித்தப்பா வந்தார். கிணற்றில் பாதி அவருடையது. அவருடைய கழனி வாய்க்காலின் கடைசியில்.

"மோட்டாரு ஓடற சத்தம்தான் என் கழனிக்கு வந்து சேருது. தண்ணி வரல. நடுவுல உங்க பாசி மறிச்சிக்கினு நிக்குது. நாளைக்கு மம்பட்டியோட வரேன். மொட்டை போட்டுர்றேன்."

பாசியில் எண்ண முடியாத உயிர்கள் ஒரே உடம்பாகக் கூடி இருக்கின்றன என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சித்தப்பா வெட்டினால் அது அவள் கை இல்லை, பேசாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நீங்க வெட்டாதீங்க சித்தப்பா. நானே எடுத்துடறேன்."

பிறகு என்னிடம் வந்தாள். "தம்பி, நீ படிச்சவன். அத்த எடுத்து கெணத்தடி கல்தொட்டியில வுட்டா பொழைக்குமா?"

தாவரவியல் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த வருஷம் அது. "பொழைக்கும்க்கா. தண்ணியும் வெயிலும் இருந்தா போதும்" என்றேன். பாசியைப் படம் வரைந்து, பாகம் குறித்து, மார்க் வாங்கியவன். கல்லைப் பற்றிக்கொள்ளும் அடியைக்கூட வரைந்திருக்கிறேன். எதற்காகப் பற்றிக்கொள்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு பகல் முழுக்க அவள் குனிந்து, கல் கல்லாக, விரலால் எடுத்தாள். தொட்டி நிறைந்தது. சித்தப்பா வரப்பில் நின்று சிரித்தார்.

"உனக்கு மாப்ள பாத்தா வாணான்ற. பாசிக்கு மட்டும் மாமியா வூடு பாத்துட்டியே!"

அவளும் சிரித்தாள். அந்த வருஷம் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் அவள் வீட்டுக்கு விலக்காக ஒதுங்கியிருந்தாள், கிணற்றடிக்கு வரக்கூடாது. பின்கட்டிலிருந்தே கேட்பாள்: "தம்பி, எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுக்கா."

நல்லா இல்லை. முதல் நாளே மேல்பக்கம் மஞ்சளித்தது. இரண்டாம் நாள் வெளுத்தது. ஓடும் தண்ணீர் ஓயாமல் எதையோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறது, எதையோ வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. நின்ற தண்ணீரில் அது தன்மேலேயே படுத்து மூச்சடைத்துப்போனது. மூன்றாம் நாள் வாடை வந்துவிட்டது. அள்ளி வாழையடியில் புதைத்தேன். நான்காம் நாள் விடியற்காலை சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு மலையடியிலிருந்த செட்டிக்குளத்துக்குப் போனேன். அசையாத தண்ணீரில் இளம்பச்சையாக ஒரு பாசி, காற்றுக்குமிழிகளைச் சுமந்து, எதையும் பற்றாமல் மிதந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினேன்.

தலை குளித்த ஈரத்தோடு அவள் வந்தாள். கண்ணால் பார்த்து ஏமாந்தாள், முகம் மலர்ந்தது. கையை விட்டாள்.

"தம்பி. இது எங்கேருந்து வந்துச்சு?"

"அதேதான்க்கா."

"அது சொரசொரன்னு சடை மாதிரி இருக்கும். இது வழுக்கிக்கினு போவுது, எண்ணெ தடவுன பட்டாட்டம்." என்னைப் பார்க்காமலே கேட்டாள். "எப்ப செத்துச்சு?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"செத்ததுக்கு அழுதிருப்பேன். அதுக்குக்கூட வுடல நீ."

நேராக நைனாவிடம் போனாள். "நைனா, தோத்துட்டேன்." நைனா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். ஜெயித்த மனிதர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"பொழைக்கும்னு சொன்னவன் இவன். நீ தெரிஞ்சா செஞ்சே? இது உன் கணக்குல வராது. கார்த்திகை முடிஞ்சதும் போ."

"புடுங்கனது என் கைதான் நைனா."

"நான்தானே சொல்றேன், வராதுன்னு!"

"வரும்."

அவளை அனுப்ப மனமில்லாதவர் அவளுக்காக வாதாடினார். போகத் துடித்தவள் தனக்கு எதிராக வாதாடினாள். கடைசியில் அவளே முடித்தாள்: அடுத்த ஆடியிலிருந்து மறுபடியும். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. என் பொய்யால் அவள் இன்னும் ஒரு வருஷம் எங்களோடு இருப்பாள். அந்தச் சந்தோஷத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருஷமும் சித்தப்பா கழனிக்குப் போகும் வாய்க்காலில் பாசி மண்டியது. இந்தத் தடவை அவள் யாரையும் கேட்கவில்லை. பாசியைக் கல்லிலிருந்து பிரிக்காமல், கல்லோடு கல்லாகத் தூக்கினாள். காய்வதற்குள் பத்து எட்டு நடந்து, எங்கள் கழனிக்குப் போகும் இன்னொரு வாய்க்காலில், அதே வேகத்தில் தண்ணீர் ஓடுகிற இடமாகக் கையை விட்டுப் பார்த்துப் பார்த்து வைத்தாள். அங்கே அது தழைத்தது. எங்கள் நாற்றுக்குப் போகிற தண்ணீர் பாதியானது.

"இன்னா அண்ணே, இந்த வருசம் பாசி வெள்ளாமையா?" என்றார் சித்தப்பா.

நைனா அந்த வாய்க்காலில் மம்பட்டி வைக்கவில்லை. மேட்டுக் கழனி காய்ந்ததைப் பார்த்துக்கொண்டே கார்த்திகை வரைக்கும் நடந்தார்.

கார்த்திகை முடிந்தது. வெள்ளைச் சேலையில் அவளைப் பஸ்ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். நைனா வாசலோடு நின்றுவிட்டார். பஸ் வர நேரமானது. இரண்டு பேரும் கோட்டை மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"பாக்க வரலாமா அக்கா?"

"வா. ஆனா அக்கான்னு கூப்புடாத. கூப்ட்டா திரும்பிடுவேன்."