கைப்பிடிப் பனி

அமீரகத்து மலையில் பனி விழுந்தது என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. அந்தப் பனியில் சறுக்குவதற்காக நாங்கள் இரண்டு பேர் மலையேறிப் போனோம் என்றால், "சரி சரி, அரபுநாட்டு வெயில் மண்டைக்குள்ள இறங்கிருச்சு" என்று சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனால் தனியாக உட்கார்ந்து அந்த நாளை நினைத்துப் பார்த்தால் எனக்கே அது தூக்கத்தில் நடந்தது போலத்தான் இருக்கிறது. மலை, வெள்ளை, சத்தமே இல்லாத காற்று, தூரத்தில் கடல். எல்லாம் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் நினைவுக்கு வருகின்றன.

துபாயில் ஒரு பெரிய கடைவளாகத்துக்குள் கூரை போட்டு, குளிரூட்டி, மெஷினால் பனி கொட்டி ஒரு சறுக்குமேடு கட்டியிருந்தார்கள். இரண்டாயிரங்களின் நடுவில் அதைத் திறந்த நாளிலிருந்து நான் அங்கே பனியைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். தங்கியிருந்த ரூம் அல் கூஸ் என்ற பகுதியில். வெளியே நாற்பத்தைந்து டிகிரியில் பஸ்ஸுக்குக் காத்து நின்று, உள்ளே போய்க் கம்பளிக்கோட்டு மாட்டிக்கொள்வேன். கதவைத் திறக்கும் முன் மேடு முழுவதும் நடந்து, எங்கே பனி மெலிந்திருக்கிறது, எங்கே இறுகிவிட்டது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கையுறையைக் கழற்றி ஒரு பிடி அள்ளி இறுக்குவேன். உருண்டையாகப் பிடித்தால் ஈரம். மாவாக உதிர்ந்தால் நல்ல பனி. உள்ளங்கையைக் குத்தினால் ஐஸ் ஏறிவிட்டது. தெர்மாமீட்டர் சொல்வதற்கு முன் என் கை சொல்லிவிடும். சூப்பர்வைசர்கூட "பாய், ஹாத் க்யா போல்தா ஹை?", கை என்ன சொல்லுது, என்று என் கையைத்தான் கேட்பார். எனக்குத் தலைக்கனம் ஏறியதில் ஆச்சரியம் இல்லை. கிணற்றுத் தவளைக்குத் தன் கிணறு எவ்வளவு ஆழம் என்பது நன்றாகவே தெரியும்.

அருப்புக்கோட்டைப் பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு மட்டும் இந்த வேலை கடைசிவரை புரியவில்லை. "இன்னிக்குப் பனி நல்லா இருந்துச்சு" என்று போனில் பெருமையாகச் சொன்னால், "பனியில எதுக்கு நிக்கிறீங்க? தலையில துண்டக் கட்டிக்கிருங்க, சளி பிடிச்சுக்கிரும்" என்பாள். அவளுக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் கூரையில் சொட்டுவது. எங்கள் பக்கத்தில் புல்லில் நிற்பதும் பனி, பாதையை மூடுவதும் பனி, படத்தில் இமயமலை மேல் கிடப்பதும் பனிதான். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் பாட்டுக்கு இருந்துவிட்டோம்.

என்னோடு வந்தவர் அங்கே சறுக்கு சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதினாலு வயதில் நோர்வேக்குப் போய், அங்கே பள்ளிப் பிள்ளைகளோடு சறுக்கிப் பழகி, எப்படியோ துபாய்க்கு வந்து சேர்ந்தவர். என் வயதுதான். முதல் நாளே என்னை "மச்சான்" என்றார். "எனக்குத் தங்கச்சி கிடையாதுங்க, வேற இடம் பாருங்க" என்றேன். அவர்கள் ஊரில் சிநேகிதனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவருக்குப் பனி என்றால் புல்லில் நிற்பது மட்டும்தான், மற்றதெல்லாம் ஸ்னோ. "ஸ்னோவைப் போய்ப் பனி எண்டுறீங்களே" என்று ஆரம்பத்தில் கேலி செய்தார். மூன்று வருடத்தில் கேலியை விட்டுவிட்டார். நான் "பனி குறையுது" என்று குரல் கொடுத்தால், ஸ்னோதான் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்.

அந்த ஜனவரியில் ஒரு நாள் டூட்டி முடிந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மச்சான், ராஸ் அல் கைமா மலையில ஸ்னோ கொட்டிக் கிடக்குதாம். கேள்விப்பட்டனீங்களே?"

"யாரோ கிளப்பி விட்டுருக்கான்."

"இல்லை. படம் பாத்தனான். நாளைக்கு ரெண்டு பேருக்கும் லீவுதானே. போவமே?"

மறுநாள் விடியும்போது ஒரு நண்பரின் பிக்கப்பில் கிளம்பினோம். பின்னால் அவருடைய சறுக்குப்பலகைகள் கிடந்தன. வழியெல்லாம் ஒட்டகம், மணல், லேபர் பஸ்கள். ஒரு சிக்னலில் பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பலகைகளைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். மறுபடி பலகைகளைப் பார்த்தார்.

வழியில்தான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். நோர்வே மலையில் மூன்று பேராகப் போயிருக்கிறார்கள். சரிவைப் பார்த்து, பனியைத் தோண்டிப் பார்த்து, "ஓம், இறங்கலாம்" என்று சொன்னது இவர். இவர் சறுக்கியபோது மேலே பனி வெடித்து மொத்தமாகக் கிளம்பியிருக்கிறது. இவர் பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டார். கீழே நின்ற கூட்டாளி ஒதுங்க முடியவில்லை. தோண்டி எடுத்தபோது உயிர் இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஆள் நடக்கவில்லை.

"அண்டையில இருந்து நான் எந்த ஸ்னோவுக்கும் ஓம் எண்டு சொன்னதில்லை, மச்சான். கூரைக்குக் கீழதான் சறுக்கிறன். இனி எனக்கு மலையே இல்லையோ எண்டு ஒருக்காப் பாக்கோணும். நீங்கள் கையில அள்ளிப் பாருங்கோ. நீங்கள் ஓம் எண்டால் இறங்குவன். இல்லையெண்டால் திரும்பி வருவம்."

இந்த இடத்தில் ஒரு யோக்கியன், "ஐயா, எனக்குத் தெரிந்ததெல்லாம் மெஷின் பனி" என்று சொல்லியிருப்பான். நான், "என் கை இருக்குல்ல, கவலைய விடுங்க" என்றேன்.

பாதை முடிந்த இடத்தில் வண்டியை விட்டு, பலகைகளைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து, ஆட்டுத்தடத்தில் ஏறினோம். மேலேயிருந்து மலைக்காரர் ஒருவர் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். திறந்து காட்டினார். உள்ளே பனி, பிள்ளைகளுக்காம். எங்கள் பலகைகளைப் பார்த்து, "யல்லா, யல்லா! பாத்தின் கலாஸ்!" என்றார். எங்களுக்காக உடைத்துப் பேசிய அந்த அரபியில், சீக்கிரம் போங்கள், கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும் என்று அர்த்தம்.

நாலு மணி நேரம் நடந்திருப்போம். ஒரு முகட்டைத் தாண்டியதும் வெள்ளை வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. வருடக்கணக்காகப் பனியில் வேலை பார்த்தவன் நான். ஆனால் வானத்திலிருந்து விழுந்த பனியை அன்றுதான் பார்க்கிறேன். அதை யாரும் சமன் செய்யவில்லை. அதன் மேல் கம்பெனி விளக்கு எரியவில்லை. பாறைகளின் வடபக்கம் எல்லாம் சாய்ந்து படுத்திருந்தது. தூரத்தில் கடல் தெரிந்தது. அதில் ஒரு கப்பல் நகராமல் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பலகைகளை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஓடை மாதிரிச் சரிவு இருந்தது. காற்று அதற்குள் பனியைக் கொண்டுவந்து குவித்திருந்தது. முழங்கால் ஆழம், சில இடத்தில் தொடை ஆழம். சரிவு கீழே போய் இடப்பக்கம் திரும்பியது. திரும்பாமல் நேரே போனால் பள்ளம். கல் போட்டால் விழுந்த சத்தம் கேட்க நேரமாகும். மேலேயிருந்து பார்த்தால் அந்தத் திருப்பம் தெரியாது. அதனால் நான் திருப்பத்தில் அடையாளமாக நிற்பது, அவர் என்னைப் பார்த்து இறங்கி என் முன்னால் இடப்பக்கம் ஒடிப்பது என்று முடிவு செய்தோம்.

அதற்கு முன் என் கைவேலை. கையுறையைக் கழற்றி மேல் பனியை அள்ளினேன். மாவு, அருமையான மாவு. முழங்கைவரை உள்ளே விட்டு அடியில் அள்ளினேன். அங்கே இருந்தது வேறு. ஜவ்வரிசி மாதிரிக் குட்டிக் குட்டி உருண்டைகள். இறுக்கினேன், பிடிக்கவில்லை. உதிரவும் இல்லை. விரல் இடுக்கு வழியாக உருண்டு ஓடியது. இந்தப் பனியை என் கை அறியாது. மறுபடி அள்ளினேன், மறுபடி ஓடியது. கையை உதறினேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மச்சான், எப்பிடி?"

தெரியாது என்பது ஒரு சொல்தான். ஆனால் நாலு மணி நேரம் பலகை சுமந்து வந்தவரிடம், இத்தனை வருடம் கைராசிக்காரன் என்று பெயர் வாங்கியவன் அதை எப்படிச் சொல்வது? "நல்ல பனி. இறங்கலாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஓரத்துப் பாறைகளைப் பிடித்து மேலே ஏறிப் போனார். நான் திருப்பத்தில் போய் நின்றேன். மேலே அவர் ஒரு சிவப்புப் புள்ளியாக நின்றார். வெகுநேரம் அசையவில்லை. வெயில் மிதமாக இருந்தது. விரல் இடுக்கில் அந்த ஜவ்வரிசி இன்னும் உருண்டுகொண்டிருப்பது போல இருந்தது. கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அப்போது முகட்டுக்கு அந்தப்பக்கத்திலிருந்து மேகம் எட்டிப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்து சரிவுக்குள் இறங்கியது. பாறைச் சுவர் மறைந்தது. அடுத்த நிமிடம் அவருக்கு நான் தெரியமாட்டேன். அடையாளம் தெரியாமல் இறங்கினால் நேரே பள்ளம்தான். நான் இரண்டு கையையும் வாயில் குவித்து, உயிரைக் கொடுத்துக் கத்தினேன்.

"பனி இறங்குது! பனி இறங்குது!"

சிவப்புப் புள்ளி அசைந்தது. நின்று விடுவார் என்று பார்த்தால், இறங்கினார். வளையாமல், ஒடிக்காமல், நேராக என்னை நோக்கி வந்தார். மேகம் அவரை விழுங்கியது. பலகை பனியைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "வேணாம், வேணாம்" என்று கத்தினேன். வெள்ளைக்குள்ளிருந்து அவர் வந்து என் மேல் மோதினார். இருவரும் உருண்டு பாறைச் சுவருக்கு அடியில் விழுந்தோம். அவர் என்னைச் சுவரோடு சேர்த்து அமுக்கி, என் தலையைத் தன் கைகளால் மூடிக்கொண்டார்.

அப்படியே கிடந்தோம். அவருடைய இதயம் என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எதற்கோ காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மேகம் மட்டும் எங்கள் மேல் ஈரமாக நகர்ந்து போனது.

"எங்க?" என்றார் கடைசியில்.

"என்ன எங்க?"

"ஸ்னோ. பனி இறங்குது எண்டு கத்தினீங்கள்."

"பனிதாங்க. இந்தா, இப்ப நம்மள மூடிக்கிட்டு நிக்குதே, இந்தப் பனி. வராதீங்கன்னு சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். "ஐயோ மச்சான். இதுக்குப் புகார் எண்டு சொல்லோணும்."

"புகாரா? யார் மேல?"

அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் அந்த ஈரத்தில் கிடந்து விலா வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு அடங்கும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். நான் எழுந்து உட்கார்ந்தேன். இனியும் மறைத்தால் நான் மனுஷன் இல்லை என்று தோன்றியது.

"உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேங்க. அடியில இருந்த பனி எனக்குத் தெரியாத பனி. கையில நிக்காம உருண்டு ஓடுச்சு."

"தெரியும்."

"எப்படி?"

"கையை உதறினீங்களே. விரலால ஓடினதைப் பாத்தனான். அந்த உருண்டைதான் அண்டைக்கும் அடியில கிடந்தது."

எனக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "தெரிஞ்சும் ஏன் மேல ஏறுனீங்க?"

"இறங்கிறதுக்கு ஏறேல்லை. மேல போய்க் கொஞ்ச நேரம் நிண்டிட்டு, ஓரத்தால நடந்து வருவம் எண்டுதான் இருந்தனான்."

"அப்புறம் ஏன்யா இறங்குனீங்க?"

அவர் கழன்று கிடந்த ஒரு பலகையை இழுத்து மடியில் வைத்து, அதிலிருந்த பனியைக் கையால் வழித்தார்.

"நீங்கள் கீழ நிண்டீங்களெல்லோ" என்றார்.