பதுருன்னிசா ஏசிய புத்தகங்கள்

பதுருன்னிசாவுக்குப் பிடிக்காத புத்தகங்களை அடுக்கினால் காந்தி வீதியில் இருக்கும் அவர்களுடைய மூக்குக் கண்ணாடிக் கடை கொள்ளாது. பிடித்தவற்றை அடுக்கக் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் முக்காலியே போதும். அதிலும் ஒரு டீ டம்ளர் வைக்க இடம் மிஞ்சும்.

இத்தனைக்கும் அவள் புத்தகத்தைத் தேடிப் போனவள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் கணவர் ஷஹாபுதீன் அவளுக்குக் கொடுத்த வேலை, கண்ணாடி வாங்க வருகிறவர்களின் மூக்கில் பிரேமை மாட்டி, கிட்டப் பார்வை சரியாகத் தெரிகிறதா என்று ஓர் அட்டையைப் படிக்கச் சொல்வது. லென்ஸ் கம்பெனி கொடுத்த அந்த அட்டையில் தினமும் கீரை சாப்பிடுவதன் நன்மைகள் அச்சாகியிருந்தன. நாளெல்லாம் ஆள் மாற்றி ஆள் அவள் காதில் கீரையை ஓதினார்கள். பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை வாசலிலேயே விரிகிற சந்தையில், தார்ப்பாய் மேல் குவித்திருந்த பழைய புத்தகங்களில் கைக்கு வந்ததை வாரிக்கொண்டு வந்தாள். மறுநாளிலிருந்து வாடிக்கையாளர்கள் கீரைக்குப் பதில் கொலையையும் காதலையும் படித்தார்கள். பாதிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "நல்லாத் தெரியுதுங்க" என்று அவர்கள் போய்விடுவார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டிய அவஸ்தை அவளுக்கு. அப்படிப் பிடித்துக்கொண்டதுதான் இந்தப் பழக்கம்.

படிக்கப் படிக்க அவளுக்கு இரக்கம் குறைந்துகொண்டே வந்தது. வாழ்க்கையில் ஜெயிக்க வழி சொல்லும் புத்தகங்களை முதலில் ஒழித்தாள். விடியுமுன் எழுந்து வேலையைத் தொடங்கினால் கோடீஸ்வரன் ஆகலாம் என்றால், வீராம்பட்டினத்து மீன்காரர்கள் எல்லாரும் இந்நேரம் கப்பல் வாங்கியிருக்க வேண்டும் என்பாள். சரித்திர நாவல்களில் இளவரசி மாடத்துக்கு வந்து நிற்பதற்குள் அவள் புருவத்துக்கு ஒரு பக்கம், இடைக்கு இரண்டு பக்கம் போய்விடும். கீழே குதிரையில் காத்திருப்பவனுக்கு அதற்குள் வயதாகிவிடும். புதுக்கவிதை என்பது ஒரு வாக்கியத்தை நாலாக ஒடித்துப் போட்டு, ஒடித்ததற்குக் கூலி கேட்பது. மொழிபெயர்ப்பு நாவல்களில் ஆட்கள் ஒருவரையொருவர் 'என் அன்பான நண்பனே' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் வீடு இருக்கும் முல்லா வீதியில் எவனாவது அப்படிக் கூப்பிட்டால், கைமாற்று கேட்க வந்திருக்கிறான் என்று கதவைச் சாத்துவார்கள். சமையல் புத்தகம்கூடத் தப்பவில்லை. உப்பு தேவையான அளவு என்று எழுதுகிறார்களே, அந்தத் தேவையான அளவு தெரியாமல்தானே புத்தகம் வாங்குகிறோம் என்று கேட்டாள். துப்பறியும் கதைகள் மேல் மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் சமையல்காரன் எதற்கு இருமினான் என்பதைக் கடைசிவரை சொல்லாமல் விட்டுவிட்டால், எழுதியவனின் பரம்பரையையே இழுப்பாள்.

எல்லாவற்றையும்விட அதிகமாக அவள் வாயில் விழுந்து புறப்பட்டவை சொந்த ஊரைப் பற்றி வந்த புத்தகங்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, சைக்கிளில் ரொட்டி வாங்கிப் போகும் வெள்ளைக்காரக் கிழவர், மழை நனைத்த கடற்கரைச் சாலை. கடலை ஒட்டிய நாலு தெருவைத் தாண்டி எழுத்தாளர்கள் யாரும் வந்ததே இல்லை என்பது அவள் புகார். "பெரிய வாய்க்காலுக்கு இந்தாண்டையும் ஊர் இருக்குது. அவங்களுக்குத்தான் தூரப் பார்வைக்குப் பவர் ஏத்தணும்" என்பாள்.

மருமகள் லமீஸ் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துச் சிரித்து, ஒரு நாள் போனில் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். கல்லாவுக்குப் பின்னால் முக்காடு போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் புத்தகமும் மறு கையில் கண்ணாடி துடைக்கும் துணியுமாக, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஏசும் பெண்ணை ஊருக்குப் பிடித்துப்போயிற்று. கண்ணாடிக்கடை அக்கா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்களில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதாக வாடிக்கையாளர்கள் வந்து சொன்னார்கள். பதிப்பகங்கள் தாமாகவே புத்தகம் அனுப்ப ஆரம்பித்தன. முதலில் புகழ்வாள் என்று நம்பி அனுப்பினார்கள். ஏசினாலும் விற்கிறது என்று தெரிந்ததும் ஏசுவதற்கென்றே அனுப்பினார்கள். இதைப் புரிந்துகொண்ட அன்று பதிப்பாளர்கள் மேல் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. ஆனாலும் வீடியோவை நிறுத்தவில்லை. தெருவில் நாலு பேர் நின்று பேசிவிட்டுப் போவது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அப்படி வந்ததுதான் கலியபெருமாள் என்பவர் எழுதிய சரித்திர நாவல். மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சொந்தச் செலவில் போட்டிருந்தார். தலைப்பில் வாள், வேல், வேங்கை மூன்றும் இருந்தன. பின் அட்டையில் கன்னத்தில் ஒரு விரலை ஊன்றியபடி அவருடைய படம். இளவரசி விட்ட பெருமூச்சில் தடாகத்துத் தாமரைகள் வாடிப்போன இடத்தைப் பதுருன்னிசா நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். "இந்தப் பொம்பளைக்கு ஆஸ்துமா. வைத்தியரக் கூப்புடாம இளவரசன் நின்னு பாட்டுப் பாடிக்கினு இருக்கான்" என்றாள். அவள் வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது பெருமூச்சு விட்டால்கூட, தாமரை வாடிடப் போவுது என்று கிண்டல் செய்யும் அளவுக்குப் பரவியது.

ஒரு மாதம் போயிருக்கும். உயரமாக, சற்றுக் கூன் விழுந்த ஒருவர் கண் அறுவை முடிந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு கடைக்கு வந்தார். சீட்டில் இருந்த பெயரைப் பதுருன்னிசா இரண்டு முறை படித்தாள். கலியபெருமாள், கருவடிக்குப்பம். நிமிர்ந்து பார்த்தாள், பின் அட்டையில் இருந்த அதே முகம், கன்னத்தில் விரல் மட்டும் இல்லை. ஷஹாபுதீன் லென்ஸ் தேடுகிற சாக்கில் உள்ளே நழுவிவிட்டார்.

கலியபெருமாள் தன் பாட்டுக்கு பிரேம்களைப் பார்த்தார். ஒன்றை மாட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்து, கழற்றி வைத்தார். பிறகு, பேரப் பிள்ளைகள் வீடியோவைக் காட்டினார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார்.

"கோவமெல்லாம் இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எத்தினி பக்கம் படிச்சீங்க?"

அவளுக்கு எந்தக் குறை இருந்தாலும் பொய் சொல்லும் குறை இல்லை. "நாப்பது பக்கம் சார். அதுக்கு மேல போவ முடியல."

"நாப்பது" என்று அவர் தலையாட்டினார். ஒரு பழுப்பு நிற பிரேமைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடி தயாரானதும் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

அவர் சண்டை போட்டிருந்தால் அவளுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அன்று முழுக்கப் பொருமினாள். நாற்பது பக்கத்துக்கு மேல் போக விடாதது எழுதியவர் குற்றமா, படித்தவள் குற்றமா என்று கணவரிடம் நியாயம் கேட்டாள். ஷஹாபுதீன் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே, "ஒரு கண்ணப் பாத்துட்டு ரெண்டு கண்ணுக்கும் பவர் எழுதுவியா நீ?" என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன உருப்படியான பேச்சுகளில் அது ஒன்று என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீம்புக்குத்தான் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தாள். அறுநூறு பக்கம். முதல் நாற்பது பக்கத்தை வைத்துத் தான் ஏசியது அநியாயமாகக் குறைவு என்று அவளுக்குத் தோன்றியது. நாற்பதுக்கு மேல் இன்னும் மோசம். வேங்கை வந்தது, பேசியது. ஒற்றன் ஒருவன் நூறாம் பக்கத்தில் செத்து இருநூறாம் பக்கத்தில் ஓலை கொண்டு வந்தான். இளவரசி எல்லா ருதுக்களிலும் பெருமூச்சு விட்டாள். காலையில் கடை திறந்ததும் பத்துப் பக்கம், மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் இருபது பக்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள்.

நாவலின் நடுவில் ஓர் அத்தியாயம் வந்தது. படை வருகிறது, ஊரில் உள்ள மாடுகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருத்தி தன் பசுவை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, அது கத்திவிடாமல் வாயைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே வீரர்கள் சமைத்துச் சாப்பிட்டு, கதை பேசி, சாவகாசமாகக் கிளம்புகிறார்கள். அதுவரை பசுவின் மூச்சு அவள் உள்ளங்கையில் படுகிறது. கன்று வெளியே இருக்கிறது. அவ்வளவுதான் அத்தியாயம். அதில் ஒரு தாமரைகூட இல்லை.

பதுருன்னிசா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அச்சகத்தில் வேறு புத்தகத்தின் தாள்களைச் சேர்த்துத் தைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம். ஒருவர் பைஃபோகல் வாங்க வந்து நின்றதைக் கவனிக்காமல் அந்த அத்தியாயத்தை இன்னொரு முறை படித்தாள். அடுத்த அத்தியாயத்தில் இளவரசி மறுபடியும் மாடத்துக்கு வந்துவிட்டாள்.

புத்தகத்தை முடித்த அன்றே லமீஸைக் கூப்பிட்டு இன்னொரு வீடியோ எடுக்கச் சொன்னாள். நாற்பது பக்கம் படித்துவிட்டுப் பேசியதை மறைக்காமல் சொன்னாள். முழுவதும் படித்த பிறகு நாவல் இன்னும் மோசம் என்றாள். ஆனால் தான் இத்தனை வருஷத்தில் படித்த எதற்கும் அதில் பசு வரும் அத்தியாயம் குறைந்ததில்லை என்று சொல்லி, அதை வாய்விட்டுப் படித்தாள். படிக்கும்போது குரல் கொஞ்சம் மாறியது.

அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்த சிலரும் அக்காவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். எவ்வளவு வாங்கினீங்க என்று ஒருவன். திட்டுங்க அக்கா, அதுக்குத்தான் வரோம் என்று இன்னொருத்தி. லமீஸ் தயங்கித் தயங்கி, "மாமி, மொதல்ல நல்லாத் திட்டிட்டு அப்பறம் இதச் சொல்லியிருந்தா பாத்திருப்பாங்க" என்றாள்.

"நான் புத்தகத்தப் பத்திப் பேசறேன்னு இல்ல நெனச்சேன். இவங்க சேவல் சண்டைக்கு வந்த கும்பலு" என்றாள் பதுருன்னிசா. மோசமான புத்தகத்தை எழுதியவனாவது உட்கார்ந்து எழுதியிருக்கிறான். இவர்கள் எதையும் படிக்காமலேயே இளித்திருக்கிறார்கள். இவர்களை வெறுத்த அளவுக்கு அவள் அதுவரை எந்தப் புத்தகத்தையும் வெறுத்ததில்லை. இனிமேல் போனைத் தன் பக்கம் நீட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். லமீஸ் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அதே பக்கத்தில் புதிதாக வந்த பிரேம்களின் படத்தைப் போட ஆரம்பித்தாள்.

லென்ஸ் கம்பெனியிலிருந்து வர ஒரு மாதம் ஆகிவிட்டது. கண்ணாடி வாங்கக் கலியபெருமாள் மனைவியோடு வந்தார். தனக்கொடி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். பதுருன்னிசா கலியபெருமாளுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, நாவலைப் பற்றித் தான் முன்பு சொன்ன எதையும் மாற்றிக்கொள்ளவில்லை என்றும், ஆனால் அந்தப் பசு அத்தியாயத்துக்காக அவருக்குக் கும்பிடு போடலாம் என்றும் சொன்னாள். இப்படி ஒருவரிடம் நேரில் பாராட்டிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

கலியபெருமாள் புதுக் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார். "அது நான் எழுதுனது இல்லம்மா. படை கெளம்பி வர்ற வரைக்கும் எழுதிட்டேன், அப்பறம் ஓடல. மாசக் கணக்கா நின்னுபோச்சு. இவ எழுதிக் குடுத்தா."

பதுருன்னிசாவுக்குச் சுர்ரென்று ஏறியது. நன்றி சொல்லும் பக்கத்தில் முன்னாள் அதிகாரிகள், அச்சகத்தார், ஒன்றுவிட்ட தம்பி வரை இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. "பின்னட்டையில உங்க போட்டோ இருக்குது. அவங்க பேரு எங்க சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் தனக்கொடி குறுக்கிட்டார். "அவரு போடறேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன் டீச்சர்?"

"அந்தப் புத்தகத்துல எம் பேரு வந்தா எனக்கில்ல அசிங்கம்."

சிரிக்காமல்தான் சொன்னார். கலியபெருமாள் இதைப் பலமுறை கேட்டவர் போல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இளவரசியின் பெருமூச்சைப் பற்றி வீடியோவில் வந்ததை மூன்று வருஷமாகத் தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதாகவும், ஒரு மூச்சைக்கூட அவர் குறைத்துக்கொள்ளவில்லை என்றும் தனக்கொடி சொன்னார். ஏசுவதில் தனக்கு மேல் ஒரு ஆள் இருக்க முடியும் என்று பதுருன்னிசா நினைத்ததே இல்லை.

பசுவை ஒளித்து வைத்த கதை எங்கே கேட்டது என்று விசாரித்தாள்.

"எங்கியும் கேக்கல. ராஜா என்னா பண்ணாருன்னே இவரு எழுதினு இருந்தாரு. வீட்ல இருந்தவ என்னா பண்ணியிருப்பான்னு நெனச்சிப் பாத்தேன், அவ்ளோதான்."

இன்னும் எழுதுங்கள் என்று பதுருன்னிசா அன்றும் கேட்டாள், அதற்குப் பிறகும் பலமுறை கேட்டாள். தனக்கொடி மசியவில்லை. வீட்டில் ஒரு எழுத்தாளரை வைத்துச் சமாளிப்பதே பெரும்பாடு என்று கையை உதறிவிட்டார். கலியபெருமாள் நாவலின் இரண்டாம் பாகத்தில் இறங்கிவிட்டார், இந்த முறை யானை இருக்கிறதாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பெண்களும் சந்தையில் புத்தகக் குவியலைக் கிளறுவதைப் பார்க்கலாம். கருவடிக்குப்பத்திலிருந்து தனக்கொடி பஸ் பிடித்து வந்துவிடுவார். பழைய புத்தகக் கடைக்காரர் வடிவேல், இவர்கள் கையில் எடுத்து ஏசிய புத்தகத்தை வேறு யாரும் வாங்குவதில்லை என்று புலம்புகிறார். இருவருக்கும் ஒத்துப்போகிறது என்றும் சொல்ல முடியாது. பதுருன்னிசா வருஷக்கணக்காகப் பொத்திப் பாதுகாத்த குடும்ப நாவல் ஒன்றைத் தனக்கொடி இரவல் வாங்கிப் போனார். திருப்பிக் கொடுக்கும்போது, "இதுவா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரம் முழுக்கப் பதுருன்னிசா அவரோடு பேசவில்லை. கோபத்தோடு அந்த நாவலை முதலிலிருந்து திரும்பப் படித்தாள். சனிக்கிழமை மத்தியானம் போன் செய்து, பாதி வரைக்கும் டீச்சர் சொன்னது சரி, அதற்கு மேல் தப்பு என்றாள். எந்தப் பக்கத்திலிருந்து தப்பு என்று தனக்கொடி கேட்டார். இரண்டு பேரும் புத்தகத்தை வரிவரியாகப் பிரித்துச் சண்டை போட்டதில், கண்ணாடி வாங்க வந்த இருவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.