அம்ருதாவின் அறிக்கைக்கு நான் போட்ட கையெழுத்து

7 நவம்பர் 2023 — ரத்தப் பரிசோதனை — ரூ. 2,900
10 நவம்பர் — அறிக்கை வாங்கிவர ஆட்டோ, போகவர — ரூ. 460
1 டிசம்பர் — பூச்சூட்டல்: பூ, வளையல், சாப்பாடு — ரூ. 38,750
5 டிசம்பர் — பனிக்குட நீர்ப் பரிசோதனை — ரூ. 18,500
28 டிசம்பர் — பதிவுத் தபால், முதல் கடிதம் — ரூ. 27

குற்றம் இரண்டாவது வரியில் இருக்கிறது. செய்தவன் நான்.

அம்ருதா என் மருமகள். வயது முப்பத்தைந்து. புனேயில் கேம்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கடக்வாஸ்லா சாலையில் ஒரு தனியார் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தொட்டித் தண்ணீரைச் சோதித்து அறிக்கை தருவார்கள்.

2019இல் கணபதி உற்சவ சமயத்தில் ஒரு குடியிருப்பின் தொட்டியில் கிருமி இருப்பது தெரிந்தது. செயலாளர் அவளிடம், விழாச் சாப்பாடு முடியும்வரை அறிக்கையை நிறுத்தி வைக்கச் சொன்னார். அவள் அறுபத்து நான்கு வீடுகளுக்கும் தானே போன் செய்தாள். அதற்காக முதலாளி மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. "கெட்ட ரீடிங்கை ஒரு நாள் ஒளிச்சு வெச்சா, அந்த ஒரு நாள் குடிச்சவாளுக்கு யார்ப்பா பதில் சொல்றது?" என்று என்னிடம் கேட்டாள். பெருமையாக இருந்தது. அதை டைரியில் எழுதிக்கொண்டேன். தேதி 4 செப்டம்பர் 2019.

திருமணமாகி எட்டு வருடம் கழித்து அவள் கர்ப்பமானாள். பதினாறாவது வாரத்தில் ரத்தம் எடுத்தார்கள். அறிக்கை தயாரான அன்று அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் கேம்ப்பில் இருந்த அந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண் என்னிடம் எந்தக் கடிதமும் கேட்கவில்லை. மருமகள் என்றேன், அது போதுமாயிருந்தது. பதிவேட்டில் கையெழுத்திட்டேன். தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் முப்பத்தாறு வருடம் பதிவேடு பார்த்தவன். நேரம் குறிக்காமல் கையெழுத்திட எனக்கு வராது.

உறையை ஆட்டோவிலேயே பிரித்தேன். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பு எழுபத்து நான்கில் ஒன்று. இது முடிவல்ல, உறுதிசெய்ய உடனே அடுத்த பரிசோதனை தேவை என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அதையும் படித்தேன்.

வீட்டில் என் மனைவி நீலாவிடமும் மகன் பத்ரியிடமும் காட்டினேன்.

"தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கு. பிள்ளைத்தாச்சிகிட்ட போய் இதைச் சொல்வாளா?" என்றாள் நீலா. "பூச்சூட்டல் ஆகட்டும்."

"பூச்சூட்டல் டிசம்பர் ஒண்ணும்மா."

"அதனாலென்னடா? எழுபத்து மூணு பங்கு நன்னாத்தானே இருக்கு."

"உங்கிட்ட சொன்னா இப்படித்தான். அப்பா, நீங்க சொல்லுங்கோ."

நான் அறிக்கையை என் ஓய்வூதியக் கோப்பில் வைத்துப் பூட்டினேன்.

அம்ருதா மூன்று முறை கேட்டாள்: நவம்பர் 14, 20, 27. தீபாவளி லீவு என்றாள் நீலா. பிறகு மெஷின் ரிப்பேர் என்றாள். மெஷின்கள் பழுதாவதைத் தினமும் பார்க்கிறவள் அம்ருதா. நம்பினாள். மூன்று முறையும் நான் அதே அறையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதனை நினைத்தால் இப்போதும் அறையத் தோன்றுகிறது.

பூச்சூட்டலுக்கு மறுநாள் அவளுடைய டாக்டர் அறிக்கை எங்கே என்று கேட்டார். அவள் நேரே நிலையத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது கை நிறைய முதல் நாள் வளையல்கள். போனை என் முன்னால் வைத்தாள். பதிவேட்டுப் பக்கத்தின் புகைப்படம்.

"பத்து நவம்பர், பதினொண்ணு நாப்பது. நேரம் போட்டுக் கையெழுத்துப் போடறவா இந்த ஊர்ல வேற யாருப்பா இருக்கா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா…" என்று ஆரம்பித்தாள் நீலா.

"நேத்து எனக்குப் பூ வெச்சவாள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?"

கேட்டது எண்ணிக்கை. நீலா யார் யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

"பதினோரு பேர்," என்றேன்.

அவள் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "என் உடம்புக்குள்ள இருக்கறது பதினோரு பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

நாங்கள் தின்றது இருபத்திரண்டு நாள். நவம்பரிலேயே சொல்லியிருந்தால் இருபது வாரத்துக்குள் எல்லாம் தெரிந்திருக்கும். கருவைக் கலைக்கும் முடிவென்றாலும் சட்டப்படி ஒரு டாக்டர் போதும். அதைத் தாண்டினால் இரண்டு டாக்டர், இருபத்து நான்கு வாரம் தாண்டினால் மருத்துவக் குழு. பனிக்குட நீரை எடுத்தபோது சரியாக இருபது வாரம் ஆகியிருந்தது. பரிசோதனை முடிவு வர இன்னும் மூன்று வாரம். குழந்தை அதற்குள் உதைக்க ஆரம்பித்துவிட்டது. அவள் தினமும் வேலைக்குப் போனாள், ரீடிங் எழுதினாள், வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பத்ரி கூடத்தில் படுத்தான்.

டிசம்பர் 26 அன்று அவளுக்குத்தான் போன் வந்தது. குறை எதுவும் இல்லை.

நீலா சாமி விளக்கை ஏற்றினாள். "பாத்தியா, சொல்லாம இருந்ததே நல்லதாப் போச்சு. அத்தனை நாளாவது நிம்மதியா இருந்தே."

"நல்ல ரீடிங் வந்துட்டா, ஒளிச்சது சரின்னு ஆயிடுமாம்மா? வேற மாதிரி வந்திருந்தா? அப்போ என்ன பண்ணணும்னு யோசிக்க எனக்கு எத்தனை நாள் மிச்சம் வெச்சேள்? அப்பாவைக் கேளுங்கோ, கணக்கு அவர்கிட்ட இருக்கும்."

இருந்தது. இருபத்து நான்கு வாரம் முடிய ஏழு நாள்.

மறுநாளே நிலையத்துக்கு முதல் கடிதத்தை எழுதி முடித்தாள்: என் அறிக்கையை, என் அனுமதி இல்லாமல், யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? வீட்டுப் பெரியவரிடம் கொடுப்பது வழக்கம் என்று ஜனவரியில் பதில் வந்தது. வழக்கமாம். பிப்ரவரியில் இரண்டாவது கடிதம்; பதில் இல்லை. மார்ச்சில் மூன்றாவது. "குழந்தை வர்ற நேரத்துல எதுக்குடி சண்டை?" என்றாள் நீலா. அம்ருதா, என் கையெழுத்தின் புகைப்படத்தை மூன்றாவது கடிதத்தோடு இணைத்தாள். தபால் நிலையத்துக்கு நான் எடுத்துப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏப்ரல் 18 அன்று பெண் குழந்தை பிறந்தது.

அதன் பிறகு ஒருநாள் காலை தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்தார். அம்ருதா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "சஹி கரா, ஆஜோபா" — கையெழுத்துப் போடுங்க, தாத்தா — என்று என்னிடம் பேனாவை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. உறையில் இருப்பது என் பெயரில்லை என்று சொல்லி, அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். அலுத்துக்கொண்டார். பதினான்கு நிமிடம் கழித்து அவள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து கையெழுத்திட்டு, நின்றபடியே பிரித்துப் படித்தாள். பிறகு எங்களுக்கும் வாசித்துக் காட்டினாள். சோதனை செய்துகொண்டவரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் இனி எந்த அறிக்கையும் வேறு யாரிடமும் தரப்படாது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

கடிதம் வந்த தேதி 11 ஜூன் 2024.