மொட்டை ராசாவுக்கு ஆல்ட்ரேஷன்

என் அக்கா அமராவதியைக் கட்டிய நாச்சிமுத்து மச்சான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். தைத்து வரும் பனியனை விளக்கடியில் விரித்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார். பதினெட்டு வருடமாக இதே வேலை. கம்பெனியோடு விட்டாரா மனுசன்? கல்யாணப் பந்தியில் வடையின் ஓரம் பிய்ந்திருந்தால்கூடக் கை சட்டைப் பைக்குள் போகும், ஸ்டிக்கர் எடுக்க. பெண் பார்க்க வந்த அன்று என் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

இவருக்குப் பழைய காசு சேர்க்கும் கிறுக்கு வேறு. வீட்டில் மூன்று டப்பா வைத்திருந்தார். கம்பெனியில் இருப்பதுபோலவே பாஸ், ஆல்ட்ரேஷன், ரிஜெக்ட். சரிசெய்ய முடிந்த குறை என்றால் ஆல்ட்ரேஷன். முடியாவிட்டால் ரிஜெக்ட். ஒருநாள் ஓட்டைக் காலணாவை எல்லாம் அள்ளி ரிஜெக்டில் போட்டார்.

"மச்சா, அது சர்க்காரே போட்ட ஓட்டைங்க" என்றேன்.

"அப்ப சர்க்கார்ல செக்கிங் செரியில்ல மாப்ள."

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. கோயமுத்தூரில் வருடாவருடம் நாணயக் கண்காட்சி நடக்கும். வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. சேகரிப்பவர்களிடமிருந்து ஒரே ஒரு காசைத் தேர்ந்தெடுத்து, பேரோடு அதில் வைப்பார்கள். தேர்ந்தெடுப்பவர் பொன்னுச்சாமி என்ற பெரியவர். மச்சான் ஐந்து வருடம் கொண்டுபோனார். "கூடை கூடையாக் கெடக்குதுங்க இதெல்லாம்" என்று ஐந்து வருடமும் அவர் திருப்பிக் கொடுத்தார்.

"வருசம் பூரா அடுத்தவன் பனியன ரிஜெக்ட் பண்றன். என்றது ஒண்ணாச்சும் பாஸாக வேண்டாமா மாப்ள?" என்று ஒருமுறை பஸ்ஸில் கேட்டார். பாவமாக இருந்தது.

2006இல் அவினாசி சந்தையில் அவருக்கு ஒரு செப்புக் காலணா கிடைத்தது. எழுத்து, ஓரம், இங்கிலாந்து ராசா மூக்கு, எல்லாம் புதுசு மாதிரி. ஆனால் கிரீடம் இருக்க வேண்டிய இடத்தில் அச்சே விழவில்லை. வழுவழுவென்று மொட்டைத் தலை.

மச்சான் லென்ஸை வைத்து அரை மணி நேரம் பார்த்தார். "பிரிண்ட் மிஸ்ஸிங். ஆல்ட்ரேஷன்ல செரியாயிரும்" என்றார்.

நேராகத் திருமுருகன்பூண்டிக்குப் போய், சாமி சிலை செதுக்கும் ஆறுமுகசாமியிடம் கொடுத்தார். "கல்லு வேலைக்காரன்கிட்டச் செம்பக் குடுக்கறீங்களே" என்று அவர் தயங்கினார். "கிரீடம் கிரீடந்தானுங்க" என்று மச்சான் அடித்துச் சொல்லிவிட்டார்.

ஆறுமுகசாமி பிறந்ததிலிருந்து முருகனுக்குத்தான் கிரீடம் செய்திருக்கிறார். கை வேறு எதைச் செய்யும்? மூன்றாம் நாள் காசைப் பார்த்தேன். ஐயோ! இங்கிலாந்து ராசா தலையில் அடுக்கடுக்காக, மணி பதித்து, உச்சியில் மொட்டு வைத்த கிரீடம். மயில் வந்து நின்றால் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

"ஒரு பிசிறு இருக்குதா பாரு!" என்று மச்சான் மார்தட்டினார். காசு பாஸ் டப்பாவுக்குப் போனது. அந்தத் தைரியத்தில், கண்ணாடிப் பெட்டியில் காசோடு வைக்க 'நாச்சிமுத்து, நல்லூர்' என்று துணி லேபிள் நெய்யச் சொன்னார். லேபிள்காரர் ஆயிரம் லேபிளுக்குக் குறைந்து ஆர்டர் எடுக்கமாட்டேன் என்றார். ஆயிரமும் வந்தது.

கண்காட்சியில் பொன்னுச்சாமி காசைப் பார்த்தார். லென்ஸைக் கீழே வைத்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இந்தக் கிரீடம்... முன்னால என்னங்க இருந்துச்சு?"

"மொட்டையா இருந்துச்சுங்க. நாந்தான் செரி பண்ணுனனுங்க."

"அட சாமி! அந்த மொட்டைக்குத்தானுங்க மதிப்பே. அச்சுல தப்பி வந்த காசு. முப்பது வருசமா இப்படியொண்ணு கண்ணுல படாதான்னு நான் தேடறனுங்க."

மச்சான் லென்ஸை எடுத்து ராசா தலையை மறுபடி பார்த்தார். "கொறை இருந்தாத்தான் ஒசத்திங்களா?" என்று கேட்டார். எத்தனையோ முறை இந்த ஆளை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் திட்ட மனசு வரவில்லை.

பொன்னுச்சாமி காசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'பழைய நாணயத்தை யாரும் இப்படிச் செய்யாதீர்கள்' என்று அட்டை எழுதினார்.

"உங்க பேரு வேண்டாமுங்க. நாலு பேரு சிரிப்பாங்க."

மச்சான் பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்து நீட்டினார். "போடுங்க" என்றார்.

அன்று அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் கூட்டம். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஓர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, ராசாவைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மச்சான் ஓரமாக நின்று சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். வாடா போகலாம் என்பார் என்று நான் காத்திருந்தேன்.

மச்சானோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பொன்னுச்சாமியிடம் போனார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துக் கண்ணாடிமேல் ஒட்டினார்.

"லேபிள் கால் இஞ்ச் எடப்பக்கம் சாஞ்சிருக்குதுங்க. அத மட்டும் நிமித்தி வெச்சிருங்க."