மூன்று கொட்டேசன்களும் செபஸ்தியம்மாவும்

எழுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவரைக் கூரைத் தகரம் வாங்கும் அட்டவணையில் போட்டு, அதை அவருடைய மகனுக்கே அனுப்பிவைத்தவன் நான். அட்டவணையின் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'வாரண்டி'. அதை அழிக்க மறந்ததோடு நிற்கவில்லை. மூன்று வரிசைக்கும் நேரே 'குறிப்பிடப்படவில்லை' என்று என் கையாலேயே நிரப்பியும் இருந்தேன்.

எல்லாம் பழக்க தோஷம். இருபத்தாறு வருடம் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பெனியின் பதுளை ஆபீசில், சாமான் வாங்கும் பிரிவில் கிளார்க்காக இருந்தேன். உரமா, மூன்று கடையில் விலை கேட்டு மூன்று கொட்டேசன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியா, மூன்று கொட்டேசன். ஆகக் குறைந்ததை வட்டமிட்டு மேலே அனுப்பினால் துரை கையெழுத்துப் போடுவார். என் கல்யாணத்துக்குச் சமையல்காரர் பிடித்தபோதும் மூன்று வாங்கி, ஆகக் குறைந்தவரையே வட்டமிட்டேன். அந்தச் சாம்பாரைப் பற்றி என் மனைவியின் வீட்டார் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

வேலையை விட்ட பிறகு, பதுளையில் ஒரு மருந்துக்கடை மாடியில் சின்ன ஆபீஸ் போட்டேன். பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வயதான தாய் தகப்பன் இங்கே தனியாக இருப்பார்கள். ஊவா மாகாணத்துக்குள் இருக்கும் முதியோர் இல்லங்களிடமும், வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளிடமும் கொட்டேசன் வாங்கி ஒப்பிட்டுக் கொடுப்பதுதான் தொழில். இதற்குள் புதிதாக வருகிறவர்களுக்கு என் முதல் கேஸ் உதவக்கூடும். எப்படிச் செய்யக்கூடாது என்பதற்காவது.

1. கட்டாரிலிருந்து போன்

அருள்தாஸ் கட்டாரில் டிரைவர். அவருடைய தாய் செபஸ்தியம்மா, நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறார். கக்கூசுக்குப் பதினோரு படி இறங்க வேண்டும். ஒரு மழை நாளில் அந்தப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறார். இன்னொரு தரம் விழுந்தால் எழுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த அறையான பக்கத்துக் காம்பராப் பெண் காலையும் மாலையும் பார்த்துக்கொள்வாள். பகல் முழுக்க அவளுக்குத் தேயிலை மலையில் வேலை.

"அண்ணே, எங்கம்மாவுக்கு நல்ல எடமா பாருங்க. சல்லி கூடுனாலும் பரவால்ல" என்றார் அருள்தாஸ்.

மூன்று கொட்டேசன் வாங்கினேன். ஒன்று பதுளை டவுனில் ஓர் இல்லம். இரண்டாவது ஹாலிஎலயில் ஓர் இல்லம். மூன்றாவது, லயத்துக்கே வந்து தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சி. ஆகக் குறைந்தது ஹாலிஎல. வட்டமிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"அண்ணே, அம்மா என்ன புதுச் சாமானா? இந்தக் காலத்துல அவுங்களுக்கு யாருண்ணே வாரண்டி குடுப்பா?"

நல்ல மனுஷன், சிரித்தார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. அந்த வெட்கத்தில் மூன்று இடத்தையும் நேரில் பார்க்கக் கிளம்பினேன்.

2. நேரில் போனால் தெரிவது

ஹாலிஎல கொட்டேசனின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு குறிப்பு இருந்தது. பேம்பர்ஸ் தனி. மருந்து தனி. கிளினிக் போகிற வேன் தனி. ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தால் பக்கத்தில் இருக்கும் ஆளுக்குத் தனி. எல்லாவற்றையும் கூட்டியதும் ஆகக் குறைந்தது பதுளையைத் தாண்டிப் போய்விட்டது.

பதுளைக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே தொகைக்குள் அடக்கியிருந்தார்கள். ஆனால் அவர்களிடம் காலியாக இருந்த ஒரே கட்டில் மேல்மாடியில். படியில் விழுந்த ஆளைப் படியேற்றி வைக்க மாதாமாதம் கட்டணமும் கட்டச் சொல்லி நான் சிபாரிசு செய்யவிருந்தேன். ஏஜென்சியோ, அனுப்பும் பெண்ணுக்குத் தனியறை வேண்டும் என்றது. செபஸ்தியம்மாவின் வீடே ஒரு காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்புத் திண்ணையும்தான்.

ஆகவே சுற்றிச் சுற்றி ஹாலிஎலதான். தரைமட்டத்தில் அறை, அறையோடு சேர்ந்த கக்கூஸ், கொஸ்லந்தையிலிருந்து வந்து வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி. கூட்டின கணக்கைச் சொன்னேன். அருள்தாஸ் சம்மதித்தார். செபஸ்தியம்மாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

3. கையெழுத்து

"நான் வரலைங்க ஐயா" என்றார் செபஸ்தியம்மா.

சாப்பாட்டைச் சொன்னேன், கக்கூசைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன். வாக்கரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"சோறெல்லாம் நல்லாத்தான் போடுவாங்க. செத்தா யாருங்க தூக்குவா?"

கொட்டேசனில் அதற்கும் ஒரு வரி இருந்தது. 'இறுதிக் கிரியைகள் நிர்வாகத்தின் பொறுப்பு.' பெருமையோடு வாசித்துக் காட்டினேன்.

"பொதைக்கிறது அவுங்க பொதைப்பாங்க. வாறது யாரு?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். தோட்டத்தில் மரண சங்கம் இருக்கிறது. கோயில்காரர், சர்ச்காரர் எல்லோரும் அதில் ஒன்று. அவர் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த மாதத்திலிருந்து சந்தா கட்டுகிறார். புருஷன் இறந்தபோது பெட்டி, பந்தல், தேத்தண்ணி எல்லாம் சங்கம்தான் பார்த்தது. எட்டுப் பேர் தோள் மாற்றித் தூக்கிப் போய், தேயிலை மலைக்கு மேலே இருக்கும் கல்லறையில் வைத்தார்கள். பக்கத்தில் இவருக்கு இடம் விட்டிருக்கிறது. ஆனால் சங்கத்துக்கு ஒரு சட்டம்: மூன்று மாதம் தோட்டத்தை விட்டு வெளியே இருந்தால் பேரை வெட்டிவிடுவார்கள்.

"நான் மூணு மாசத்துக்குள்ள செத்துருவேன்னு நீங்க எழுதிக் குடுத்தா வாறேன்" என்றார்.

சங்கத் தலைவர் முத்தையாவைப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் கூட்டம், வந்து பேசுங்கள் என்றார். பகலில் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம்; எனக்குக் கிடைத்த நாற்காலி முழங்கால் உயரம்கூட இல்லை. அதில் உட்கார்ந்து நியாயம் பேசுவது கஷ்டம்.

சந்தாவை மகன் கட்டுவார், பேரை மட்டும் வெட்டாதீர்கள் என்றேன்.

"பேரு இருக்கட்டுங்க. பொணம் எப்படி வரும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஹாலிஎலயில இருந்து ரயில் கோச்சியிலயா கொண்டாறது?"

"இன்னைக்கு செபஸ்தி அக்காவுக்கு விட்டா, நாளைக்குக் கொழும்புல இருக்கவனெல்லாம் கேப்பானே?" என்றது இன்னொன்று.

ஒரு மணி நேரம் ஆளுக்கு ஆள் பேசினார்கள். கடைசியில் முத்தையா கையைத் தூக்கினார்.

"முதியோர் இல்லத்துல இருக்கவங்களுக்கு மட்டும் சட்டத்த மாத்தலாம். வண்டிச் செலவ சங்கம் ஏத்துக்கிறலாம். ஆனா சும்மா வாய்ப்பேச்சுல முடியாது. ஐயா கம்பெனியில இருந்தவருதானே. ஹாலிஎலயில இருந்து இங்க வர்றதுக்குப் பிரேத வண்டிக்கு மூணு கொட்டேசன் கொண்டாங்க."

கொண்டுவந்தேன். உயிரோடு இருக்கிற ஆளுக்குப் பிரேத வண்டி விலை கேட்டபோது, மூன்று இடத்திலும் "எப்ப தேவை?" என்று கேட்டார்கள். "அவசரமில்லை" என்றேன். மூன்று இடத்திலும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஆகக் குறைந்ததை வட்டமிட்டுச் சட்டத்தை மாற்றினார்கள். முத்தையா, தீர்மானம் எழுதின மினிட் புத்தகத்தைச் செபஸ்தியம்மாவிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, என் பேனாவை வாங்கி இல்லத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

நான் படித்துக்கொண்டது இவ்வளவுதான். போகிற இடத்தில் என்ன கிடைக்கும் என்று கொட்டேசன் சொல்லும். இருக்கிற இடத்தில் எது கைவிட்டுப் போகும் என்று எந்தக் கொட்டேசனும் சொல்லாது. அதைப் போகிற ஆளிடம்தான் கேட்க வேண்டும். இப்போது என் அட்டவணையில் 'வாரண்டி' இல்லை. அந்தக் கட்டத்துக்கு 'விட்டுப் போவது' என்று பெயர்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. போன மாதம் ஹாலிஎலவுக்குப் போயிருந்தேன். செபஸ்தியம்மா கன்னத்தில் சதை வைத்து, வாக்கரை மூலையில் நிறுத்திவிட்டு, சுவரைப் பிடித்து நடந்து வந்தார். கொஞ்சம் பாராட்டை எதிர்பார்த்து, "எப்படி அம்மா, நம்ம ஏற்பாடு?" என்று கேட்டேன்.

"ஏற்பாட்டுக்கு என்னங்க ஐயா, நல்லாத்தான் இருக்கு. சங்கத் தலைவருதான் வந்து மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. நீங்க குடுத்த பிரேத வண்டிக் கொட்டேசன் முப்பது நாளைக்குத்தான் செல்லுமாமே? அடுத்த தடவ வாறப்ப புதுசா மூணு வாங்கியாந்துருங்க."