நான் கில்ட் கட்டிய குளிர்காலம்

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் கார் உதிரிப்பாகக் கடை ஒன்றில் கவுண்டரில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு நவம்பர் மாலை சைக்கிளில் வீடு திரும்பும்போது வான் வண்டி ஒன்று இடித்து, இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் கம்பிகளைச் செலுத்தி, வெளியே நீட்டிய நுனிகளை இரும்புச் சட்டம் ஒன்றில் பிணைத்துவிட்டார்கள். பல மாதங்களுக்கு அது காலில் இருக்கவேண்டுமாம்.

அதற்குமேல் எந்த நீளக் காற்சட்டையும் ஏறவில்லை. வீட்டிலும் இடுப்பில் சுற்றிய சாரம், வெளியிலும் சாரம், மேலே ஒரு கோட். ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் சாரத்தின் கட்டு நெகிழத் தொடங்கியது. இரண்டு கையிலும் ஊன்றுகோல். ஒன்றை விட்டால் நான் விழுவேன், விடாவிட்டால் சாரம் விழும். சாரம்தான் விழுந்தது. மனைவி பாய்ந்து வந்து கட்டிவிடுவதற்குள் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். அன்றோடு கிளினிக்கைத் தவிர வேறெங்கும் போவதை நிறுத்திவிட்டேன்.

ஜனவரியில் முதலாளி தொலைபேசியில் பேசினார். கவுண்டரில் உட்கார்ந்தாவது வேலை பார்க்க முடிந்தால் அடுத்த மாதம் வரலாம், இல்லாவிட்டால் வேறு ஆள் எடுக்கவேண்டி வரும் என்றார்.

“ஒரு உடுப்புக்காக வேலையை விடப் போறியளோ?” என்றாள் மனைவி.

“சாரத்தோட போய் ஆக்களுக்கு முன்னால இருக்க என்னால ஏலாது.”

கிளினிக்கில் என் கம்பிகளைச் சுத்தம் செய்யும் நர்ஸ் ஸ்கொட்லாந்துக்காரர், ஏறத்தாழ என் வயது. அந்த வாரம் மனைவி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் மருந்து துடைத்தபடியே, “கில்ட் ஒன்று வாங்கிக் கட்டுங்களேன். என் அண்ணன் தோட்டம் கொத்துவதே அதைக் கட்டிக்கொண்டுதான்” என்றார்.

ஸ்கொட்லாந்து ஆண்கள் முழங்கால்வரை கட்டும் மடிப்புப் பாவாடை அது. எனக்குச் சுருக்கென்றது. கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். “நான் இங்கே வேஷம் போட வரவில்லை!” என்று கத்திவிட்டேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நர்ஸ் கட்டுப் போட்டு முடித்தார்.

அடுத்த வாரம் ஒரு தாளை நீட்டினார். பாவித்த பழைய கில்ட்டுகள் விற்கும் கடையின் விலாசம். “சனிக்கிழமை எனக்கு லீவு, நானும் வருகிறேன். தனியாகப் போனால் கல்யாணத்துக்குக் கட்டுவதை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.” எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மறுக்கவும் முடியவில்லை.

கடையில் நான் முதலில் எடுத்தது மலிவான சிவப்புக் கில்ட். அவர் அதன் நுனியைக் கைக்குள் கசக்கி விட்டார். கசங்கல் அப்படியே நின்றது. “இதில் கம்பளி பேருக்குத்தான் இருக்கிறது. வேண்டாம்.” அடுத்ததைக் கடைக்காரர் பெருமையோடு எடுத்து வந்தார். அசல் கம்பளி, நெருக்கமான மடிப்புகள். ஆனால் தூக்கவே பாரம், விலையும் பாரம். “வருஷத்தில் இரண்டு நாள் கட்டுகிறவருக்கு இது சரி. இவர் ஊன்றுகோலோடு தினமும் கட்டப் போகிறவர்” என்று அதையும் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது, கடும் பச்சையும் நீலமும் கலந்த கட்டம் போட்டது. கசக்கினார், உடனே விரிந்துகொண்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பூச்சி அரித்த சின்ன ஓட்டை ஒன்று அகப்பட்டது. “மடிப்புக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது” என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் அதையே காட்டி விலையைக் குறைத்தார். இடுப்புத் தோல்வார்களை இழுத்துப் பார்த்தார். மனைவி எனக்குக் கட்டிவிட்டாள்.

“நின்று பார்த்து வாங்கக்கூடாது. உட்காருங்கள்” என்றார் நர்ஸ். பின்மடிப்புகளைக் கையால் நீவிவிட்டு உட்காரச் சொல்லித் தந்தார். இரும்புச் சட்டம் மடிப்புகளுக்குள் இடம் பிடித்துக்கொண்டது, எங்கும் உரசவில்லை. ஊன்றுகோலோடு கடையின் கோடிவரை போய் வந்தேன். இடுப்பில் எதுவும் அசையவில்லை.

“ஐயோ, உங்களுக்கு நல்ல வடிவா இருக்கு!” என்று மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நர்ஸ் தரையில் மண்டியிட்டு, விளிம்பு இரண்டு முழங்காலிலும் சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் லீவு நாளில், தன்மேல் எரிந்து விழுந்தவனின் காலடியில். மன்னிப்புக் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வலியில் பேசுவதை நாங்கள் சார்ட்டில் எழுதுவதில்லை” என்றார்.

பெப்ரவரியில் கில்ட்டோடு வேலைக்குப் போனேன். கிளாஸ்கோ லொறிக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எந்தக் குலத்துக் கட்டம்?” என்று கேட்டார். ஸ்கொட்லாந்தில் குலத்துக்குக் குலம் கில்ட்டின் கட்டம் வேறு. “யாழ்ப்பாணம்” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் என் கூச்சம் முழுக்கக் கரைந்துவிட்டது. கோடையில் சட்டத்தைக் கழற்றும்வரை தினமும் அதைத்தான் கட்டினேன்.

கால் எப்போதோ குணமாகிவிட்டது. ஆனால் ஒரு கடுஞ்சொல்லைக் கேட்ட பிறகும், அதைச் சொன்னவனுக்கு என்ன தேவை என்று ஒரு வாரம் முழுக்க யோசித்த அந்த மனத்தை நினைக்கும்போதெல்லாம், அதில் பாதியாவது எனக்கு வாய்க்காதா என்று இன்றும் ஏங்குகிறேன்.